அழிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்ட பாலம்

ஏப்ரல் 9, திங்கள்

ஈஸ்டர் முடிந்த மறுநாள். ராணுவ மண்டலத் தலைமையகத்தில் எல்லா மேசையிலும் வெங்காயத்தோல் போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைகள். தொலைபேசி இணைப்பகத்து ரிம்மா என் வானிலை வரைபடத்தின் மேலேயே உப்புக் கிண்ணத்தை வைத்தாள். "கடவுளை நம்பாட்டி போகுது, நோன்னா அர்கதியெவ்னா. முட்டையை நம்பலாம்ல?" ஜெனரல்களின் குரலை வைத்தே அவர்களுடைய ரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கர்னல் ஸ்வியாகின் வந்தார். வசந்தகாலப் போர் ஒத்திகை நெருங்குகிறது. "ஆத்துப் பக்கமா மோசமா ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. ரொம்ப மோசமா வேண்டாம். கடைசியில நாமதான் ஜெயிக்கணும்."

சூழல் சீட்டு எழுதுவதும் என் வேலை. ஒத்திகையின்போது மண்டலத் தளபதியும் அவருடைய ஆட்களும் காட்டுக்குள் கூடாரம் போட்டுவிடுவார்கள். நடுவர்கள் இங்கே, இரண்டாம் மாடியில் உட்கார்ந்து சீட்டு அனுப்புவார்கள். எதிரி ரயில்பாதையைத் தாக்கிவிட்டான், காடு எரிகிறது, ஆறு பெருகிவிட்டது: என்ன செய்வீர்கள்? காட்டிலிருந்து பதில் வரும். நடுவர் மதிப்பெண் போடுவார். நான் படித்தது நீரியல். ஆற்றைப் பற்றி உண்மையைச் சொல்லப் படித்துவிட்டு, ஆற்றைப் பற்றிக் கதை எழுதிச் சாப்பிடுகிறேன்.

எந்த ஊரை மூழ்கடிப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. உரூல் வடக்கு நோக்கிப் பாயும் ஆறு. தெற்கே மேல்பகுதி முதலில் உருகும். கீழ்ப்பகுதி உறைந்தே கிடக்கும். மேலிருந்து வரும் பனிப்பாளங்கள் முழங்கை வளைவில் சிக்கினால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அங்கே இருப்பது ஜரேச்யே. இதுவரை பெரிதாகச் சிக்கியதில்லை. சிக்கினால் அங்கேதான் சிக்கும். மூன்று வரியில் முடித்தேன்.

அந்த ஊரில்தான் என் தம்பி கெஷா மாட்டு டாக்டராக இருக்கிறான். கூப்பிட்டுச் சொன்னேன்.

"உன் ஊரை இன்னைக்கு முக்கிட்டேன்."

"எது வரைக்கும்?"

"ஜன்னல் வரைக்கும்."

"கிராமத் தலைவர் வீட்டுக்கு மட்டும் கூரை வரைக்கும் போடு. தோள்ல நட்சத்திரம் குத்தின உன் நட்சத்திரக்காரங்ககிட்ட நான் கேட்டேன்னு சொல்லு."

ராணுவத்தில் வேலை பார்ப்பதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சிரித்தான். நானும்.


ஏப்ரல் 13, வெள்ளி

குளிர். ஆற்றின் பனி மார்ச்சில் இருந்த தடிமனிலேயே நிற்கிறது. மேற்குப் பகுதியில் மட்டும் கொஞ்சம் ஈரக்காற்று.


ஏப்ரல் 18, புதன்

தலைமை நடுவர் மாஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்தார். ஜெனரல் தெர்பெனேவ். குள்ளமானவர், சுத்தமான நகங்கள், கேட்டுக்கொண்டே தலையாட்டும் பழக்கம். "உங்க மண்டலத்துக்குக் கீழ என்னென்ன இருக்கு, சுருக்கமா" என்றார். ஸ்வியாகின் குச்சியால் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: இரண்டு பெரும் படைகள், பாலம் போடுகிறவர்கள், வெடி வைக்கிறவர்கள், மருத்துவமனைகள், கிடங்குகள், வசந்தத்தில் ஆள்சேர்க்கும் அலுவலகங்கள், ஒரு இசைக்குழு, ஒரு பன்றிப் பண்ணை. ஹெலிகாப்டர்கள் விமானப் படையினுடையவை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஏவுகணைக்காரர்கள் எங்கள் நிலத்தில் இருக்கிறார்கள், எங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

"அப்ப ஒரு ஹெலிகாப்டர் வேணும்னா?"

"கடிதம் எழுதுவோம், தோழர் ஜெனரல்."

தெர்பெனேவ் தலையாட்டினார்.

சுவரில் வழக்கம்போல இரண்டு கடிகாரங்கள் மாட்டினார்கள். ஒன்று ஊர் நேரம். மற்றது ஒத்திகை நேரம். அதில் மூன்று நாள் போர் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். எல்லாச் செய்தியும் "ஒத்திகை" என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். நிஜமாகவே ஏதாவது நடந்தால் "கிரானைட்" என்று தொடங்க வேண்டும். அதைக் கேட்டதும் எல்லோரும் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.


ஏப்ரல் 21, சனி

தெற்கிலிருந்து சூடான காற்று. மேல்பகுதிக் கிளையாறுகள் ஒரே நாளில் உடைந்துவிட்டன. இப்படி நான் பார்த்ததில்லை. கீழே பனி அப்படியே கிடக்கிறது. நேற்றுகூட கெஷா ஆற்றின் மேல் லாரி ஓட்டியிருக்கிறான்.

"மாடுங்களை மேட்டுக்கு ஓட்டிட்டா நல்லது" என்றேன்.

"சீட்டுல எழுதினதை நீயே நம்ப ஆரம்பிச்சிட்டியா?"

"காற்றைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"கன்னு போடற நேரம் நோன்கா. சினை மாட்டைச் சேத்துல ஓட்டச் சொல்றே. நீ டாக்டரா, நான் டாக்டரா?"

பிரதேச நிர்வாகத்துக்கும் எங்கள் தளபதிக்கும் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பினேன். நிர்வாகம் பெற்றுக்கொண்டதாகச் சொன்னது. தளபதி காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.


ஏப்ரல் 23, திங்கள்

ஒத்திகை தொடங்கியது. மதியத்துக்குள் ஒத்திகை நேரப்படி நாட்டின் கிழக்கு எல்லை உடைந்துவிட்டது. ஸ்வியாகின் உற்சாகமாக இருக்கிறார்.

கிரானைட் கதை. காலையில் காட்டிலிருந்து முதல் கிரானைட்: நீராவிக் குளியலுக்கு விறகு வரவில்லை. இரண்டாவது: யாரோ ஒரு கர்னலின் மனைவி மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறாள், லாரி வேண்டும். மூன்றாவது: டீசல். எல்லாம் நிஜம்தானே, குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலம் தெர்பெனேவ் முகம் சிவந்து உத்தரவு போட்டார்: இனிமேல் கிரானைட் என்ற சொல்லை அவரைத் தவிர யாரும் சொல்லக் கூடாது.

ரிம்மா சொன்னாள்: "அப்ப நாம செத்தா அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுச் சாகணும்."


ஏப்ரல் 24, செவ்வாய்

சிக்கிவிட்டது. நிஜமாக. முழங்கை வளைவில்.

கெஷா காலையில் கூப்பிட்டான். சிரிக்கவில்லை. பாளங்கள் வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மாடி உயரத்துக்கு நிற்கின்றனவாம். சத்தம் ஊர் வரை கேட்கிறது. தண்ணீர் படித்துறையைத் தாண்டிவிட்டது. "உன்னோடதுதானே இது? சீட்டுல எழுதினமாதிரியே இருக்கு."

இரண்டாம் மாடிக்கு ஓடினேன். ஸ்வியாகினிடம் சொன்னேன்: முழங்கை வளைவில் அடைப்பு, ஜரேச்யேவில் தண்ணீர் ஏறுகிறது. அவர் தாளைப் புரட்டினார்.

"உங்க சீட்டு நாளைக்குத்தானே? முன்னாடியே விட்டுட்டீங்களா?"

"இது சீட்டு இல்லை."

"ஆமா, ஆமா." கண்ணைச் சிமிட்டினார். அவர் பின்னால் தெர்பெனேவ் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவர் முன்னால் நாடகம் நன்றாகப் போக வேண்டும் என்று ஸ்வியாகினுக்குக் கவலை.

தெர்பெனேவிடமே போனேன். கிரானைட் என்றேன். அவர் விரலை உயர்த்தினார். "அந்தச் சொல்லை நான் தடை பண்ணியிருக்கேன், நோன்னா அர்கதியெவ்னா. ஆனா நீங்க பண்றது ரொம்ப நல்லா இருக்கு. குரல் நடுங்குது பாருங்க. காட்டுக்காரங்களுக்கு இந்த அழுத்தம் தேவை." குறிப்பில் ஏதோ எழுதினார். எனக்கு மதிப்பெண் போட்டார் என்று நினைக்கிறேன்.

செய்தி காட்டுக்குப் போனது. பதிலும் வந்தது: "பொறியாளர் பிரிவு அனுப்பப்பட்டது. வெடிவைத்து அடைப்பு தகர்க்கப்பட்டது." வெடி வைக்கிறவர்கள் எல்லோரும் படைமுகாமில் பக்வீட் தானியக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிம்மா அங்கே கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள்.

தளபதியை நேராகப் பிடிக்கலாம் என்றால், ஒத்திகைப்படி எதிரி அவருடைய தொலைபேசியைத் துண்டித்துவிட்டான். தொலைபேசி மணி அடிக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். எடுக்க மாட்டார். எடுத்தால் மதிப்பெண் போகும்.

பேரிடர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு மனுஷன் அழாத குறை. "எங்ககிட்ட நாலு படகும் ஒரு பேருந்தும்தான் இருக்கு அம்மா. வெடிமருந்து உங்ககிட்டதான். லாரி உங்ககிட்டதான். தளபதி கையெழுத்து இல்லாம ஒரு சிப்பாயைக்கூட எங்களால கூப்பிட முடியாது. காலையிலயே கடிதம் அனுப்பிட்டோம்."

அந்தக் கடிதத்தைத் தேடிப் போனேன். காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒத்திகை எண் கொடுத்து, மேலே சொன்ன பதிலோடு சேர்த்து நடுவரிடம் திரும்பி வந்திருந்தது. மதிப்பெண்: நன்று.

இவர்கள் முட்டாள்கள் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.


ஏப்ரல் 25, புதன்

காலையில் ஜரேச்யே கடைசித் தெரு நனைந்துவிட்டது. மற்ற வீடுகளுக்கு இன்னும் ஒரு நாள், ஒன்றரை நாள் இருக்கலாம். காற்று நிற்கவில்லை.

இவர்களை நம்பவைக்க முடியாது. நம்பவைக்கத் தேவை இருக்கிறதா?

யோசித்தேன். ஒத்திகையில் பெரும்பாலானவை காகிதத்தில் நடக்கும். ஆனால் சிலவற்றை நிஜ ஆட்களைக் கொண்டு நிஜ லாரியில் செய்துகாட்ட வேண்டும். அப்படிப்பட்ட சீட்டின் கீழே "நடைமுறையில் நிறைவேற்றுக" என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லுக்கு இந்த மண்டலம் முழுக்க எழுந்து நிற்கும்.

எழுதினேன். "ஒத்திகை. முழங்கை வளைவு அடைப்பைத் தகர்க்கும் முயற்சி தோல்வி. நீர் ஏறுகிறது. ஜரேச்யே மக்களை மேட்டுக்கரைப் படைமுகாமுக்கு வெளியேற்றுக. நடைமுறையில் நிறைவேற்றுக." என் கையெழுத்து. திட்டத்தில் இல்லாத சீட்டுக்குத் தலைமை நடுவரின் அனுமதி வேண்டும். தெர்பெனேவ் இரண்டு முறை படித்தார்.

"நிஜக் கிராமத்தையா?"

"போரில் நிஜக் கிராமங்கள்தானே, தோழர் ஜெனரல்."

என் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். "இதுதான் புதுமை. மாஸ்கோவில இதைச் சொல்லுவேன்."

பத்து நிமிடத்துக்குள் படைமுகாமில் லாரிகள் கிளம்பின. பத்து நிமிடம். நேற்று முழுக்க நான் கெஞ்சினேன்.


அதே நாள், மாலை

கெஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தம்பியிடமும் பொய் சொல்ல முடியவில்லை.

லாரிகள் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போய் ஒலிபெருக்கியில் "மக்களே, இது ஒத்திகை" என்று அறிவித்தனவாம். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. தபால்காரி தைசியா ஜன்னலைத் திறந்து, "ஒத்திகைக்கு நான் செத்துட்டதா எழுதிக்குங்க, ரொட்டி அடுப்புல இருக்கு" என்றாளாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, நான் தெருத்தெருவாப் போய்ச் சொன்னேன், படைமுகாம்ல டின்கறி போட்ட கஞ்சி, வீட்டுக்கு ஒரு போர்வை, திருப்பிக் குடுக்க வேண்டாம்னு. கூட்டம் லாரிக்கு அடிச்சுக்குது. ஆறு வருது, ஓடுங்கன்னு சொல்லியிருந்தா சாமானைப் பரண்ல ஏத்தப் போயிருப்பாங்க."

"நீ ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். போர்வைக்கு என்ன பண்ணப்போறே?"

கிடங்கைக் கூப்பிட்டேன். சீட்டில் போர்வையையும் சேர்த்தேன்.


ஏப்ரல் 26, வியாழன்

காலையில் தெர்பெனேவ் வெளியேற்றத்துக்கு "மிக நன்று" கொடுத்தார். எல்லோரும் கைகுலுக்கினார்கள். பிறகு ஸ்வியாகின் சொன்னார்: "சரி, பணி முடிஞ்சது. மதியத்துக்கு மேல ஜனங்களைத் திருப்பி அனுப்பிடலாம்."

இதை நான் யோசிக்கவில்லை. ஒத்திகை என்றால் முடியும். நிறைவேறியதும் மதிப்பெண், மதிப்பெண்ணுக்குப் பின் வீடு. தண்ணீர் இன்னும் வந்தபாடில்லை. கடைசித் தெருவில் முழங்கால் அளவு. ஆனால் மேலே இரண்டாவது பாளக் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது, காலை அளவீட்டில் பார்த்தேன்.

இன்னொரு சீட்டு எழுதினேன். "ஒத்திகை. எதிரி விமானங்கள் ஜரேச்யே பாலத்தை அழித்துவிட்டன. மக்களைத் திருப்பி அனுப்ப வழியில்லை." தெர்பெனேவ் படித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்பார் என்று நினைத்தேன். "நீங்க இரக்கமில்லாத ஆளு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் கெஷா கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல்.

"நோன்கா, பாலம் என் கண்ணு முன்னாடி நிக்குது. ஒரு கேப்டன் அட்டையைத் தொங்கவிட்டுட்டு நடுவுல நிக்கறான். 'பாலம் அழிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. தைசியா பாலத்து மேலயே ஏறி நின்னு, நான் எது மேலடா நிக்கறேன்னு கேக்கறா. அவன், அம்மா நீங்க தண்ணிக்குள்ள நிக்கறீங்கன்னு சொல்றான்."

"தடுத்துட்டானா?"

"ஆயுதத்தோட நிக்கறான். பாலம் இல்லைன்னா இல்லையாம். ஜனங்க உங்க எல்லாரையும் திட்டறாங்க. என் பேரும் அதுல இருக்கு. சரி, கேளு. மாட்டுக் கொட்டகை பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட. உள்ள கட்டிக் கிடக்குதுங்க."

"கெஷா, வேண்டாம்."

"நீ சொன்னது நிஜம்தானே? தண்ணி வரும்தானே?"

"வரும். அதனாலதான்—"

"அதனாலதான் போறேன். மேல்பக்கம் பனி இன்னும் தாங்குது, பாலம் வேண்டாம்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. ஊரில் இத்தனை பேர். பொய்யை நம்பினவங்க எல்லாம் மேட்டுக்கரையில கஞ்சி சாப்பிடறாங்க. உண்மையைக் கேட்டவன் ஒருத்தன், அவன் அங்க போறான். நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல.


அதே நாள்

கேப்டனிடமிருந்து செய்தி. இணைப்பில் ரிம்மா இருந்தாள், எனக்கும் கேட்கவிட்டாள். ஸ்வியாகினிடம் அவன் சொல்கிறான்: "தோழர் கர்னல், அழிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்ட பாலம் அழிஞ்சிடுச்சு."

"அதை மதியமே அழிச்சாச்சே. எத்தனை தடவை அழிப்பீங்க?"

"இப்ப இல்லை, தோழர் கர்னல். கீழ ஒண்ணுமே இல்லை. அட்டை மட்டும் என் கையில இருக்கு."

ரிம்மா காதுக்கருவியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.


ஏப்ரல் 27, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

நான் போனபோது கேப்டனின் செய்தி நடுவர் அறைக்கு எட்டியிருந்தது. தெர்பெனேவ் மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். நல்லா நடிக்கிறேன்னு மதிப்பெண் போட்டீங்க."

தலையாட்டவில்லை. முதல் முறையாக. முகத்தில் வயசு ஏறிவிட்டது.

"ஊரில யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர். கால்நடை மருத்துவர்." பிறகு சொன்னேன், "என் தம்பி."

அவரே தொலைபேசியை எடுத்தார். கிரானைட் என்றார். அந்தச் சொல் நிஜமாக எப்படி ஒலிக்கும் என்று அப்போதுதான் கேட்டேன். காட்டில் தளபதி எடுத்துவிட்டார். விமானப் படைக்காரர்கள் எழுத்தில் கோரிக்கை வேண்டும் என்றார்கள். தெர்பெனேவ் அவர்களிடம் பேசியதை எழுத மாட்டேன். என் அப்பா மீன்பிடிக் கப்பலில் இருந்தவர், அவரிடம்கூட அப்படிப்பட்ட சொற்களைக் கேட்டதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. கூரைகள்தான் தெரிகின்றன, மாட்டுக் கொட்டகை கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணவில்லை என்றார்கள். இருட்டியதும் திரும்பிவிட்டது.

இன்று மூடுபனி. பறக்கவில்லை.

கொட்டகைக் கதவு திறந்து கிடக்கிறது. அவன் திறந்தானா, தண்ணீர் திறந்ததா?

என் மேசையில் நீர்மட்ட அளவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதிவு செய்கிறேன். செய்ய வேறு எதுவும் இல்லை.


ஏப்ரல் 28, சனி

கிடைத்துவிட்டான். இடுகாட்டு மேட்டில். அந்தப் பகுதியில் அதுதான் உயரம். செத்தவர்களை எப்போதும் நல்ல இடத்தில் வைப்பார்கள். கல்லறைச் சிலுவைகளையும் வேலிகளையும் பிடுங்கி எரித்திருக்கிறான். சுற்றிலும் மாடுகள், அவற்றோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தான். ஒன்று கன்று போட்டிருந்ததாம்.

படகில் போன சிப்பாய் சொன்னது: கெஷா கன்றை முதலில் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ராணுவ மருத்துவமனையில் ஊர்க்காரர்களைச் சேர்க்க மாட்டார்கள். தெர்பெனேவ் "ஒத்திகையில் பங்கேற்றவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.


மே 6, ஞாயிறு

வலது காலில் குளிரில் செத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நுரையீரல் தேறுகிறது. என்னைப் பார்த்ததும் கெஷா முதலில் கேட்டது: "என்கிட்ட மட்டும் ஏன் சொன்னே?"

"பொய் சொல்ல முடியலை."

"மத்தவங்ககிட்ட முடிஞ்சுதே."

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டான்.


மே 10, வியாழன்

நேற்று வெற்றி நாள் அணிவகுப்பு முடிந்ததும் ஸ்வியாகின் அழைத்தார். விசாரணைக் குழு வருகிறது. என் இரண்டு சீட்டுகளும் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தவையாக இப்போது பதிவாகியிருக்கின்றன. மண்டலம் முன்கூட்டியே உணர்ந்து மக்களை வெளியேற்றியது, உயிர்ச்சேதம் இல்லை. அவருக்குப் பாராட்டுப் பரிந்துரை.

"உங்க நல்லதுக்கும்தான், நோன்னா அர்கதியெவ்னா. நடுவரை ஏமாத்தி லாரியை எடுத்தது சாதாரண விஷயமா?"

இல்லை. வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதம்தான்.


மே 26, சனி

படைமுகாம் மன்றத்தில் ஊர்க்கூட்டம். நிர்வாகத்தின் ஆள், ஸ்வியாகின், வெள்ளத்தை விளக்க நான். ஜரேச்யே இனி இல்லை என்று முடிவாகிவிட்டது. மேட்டுக்கரையில் கலைக்கப்பட்ட பழைய ரெஜிமெண்டின் அடுக்ககங்கள் காலியாகக் கிடக்கின்றன, அவற்றைக் கொடுக்கிறார்கள்.

காற்று, கிளையாறு, வளைவு எல்லாம் சொன்னேன். தைசியா எழுந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். தண்ணி வர்றதுக்கு முன்னாடி நாளே லாரியோட வந்தீங்க. போர்வைகூடக் கணக்காக் கொண்டுவந்தீங்க. பாலம் போறதுக்கு முன்னாடியே பாலம் போச்சுன்னு அட்டை எழுதிக் கொண்டுவந்தீங்க. எப்படித் தெரியும்?"

பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

"நான் சொல்றேன். வெடி வெச்சு அடைப்பை உடைச்சோம்னு உங்க பசங்களே கஞ்சி ஊத்தும்போது சொன்னாங்க. விளையாட்டுக்கு ஆத்தைக் கிளப்பி விட்டீங்க, எங்க ஊரை முழுங்கிடுச்சு."

ஸ்வியாகின் திட்டத்தைப் படித்துக் காட்டினார்: எல்லாம் முன்பே திட்டமிடப்பட்டிருந்தது. அதை அவர் படிக்காமல் இருந்திருக்கலாம். பின்வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள்.

நான் எழுந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும், வழக்கு வரும், தெர்பெனேவ், அந்தக் கேப்டன், ரிம்மா, எல்லோரும் இழுபடுவார்கள். இவர்களாவது நம்புவார்களா? இரண்டு வெறும் சீட்டுகள் என்றால்? எனக்கே நம்பும்படியாக இல்லை.

"அடைப்பை யாரும் வெடிவைத்து உடைக்கவில்லை" என்றேன். அது உண்மை. உட்கார்ந்துவிட்டேன்.

ஊன்றுகோலோடு கெஷா கதவருகே நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.


ஜூன் 17, ஞாயிறு

பேருந்தில் மேட்டுக்கரை போனேன். கெஷாவுக்கு இரண்டாவது மாடி. படிக்கட்டில் தைசியா உருளைக்கிழங்கு வாளியோடு வந்தாள். வழிவிட்டேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மேலே இன்னொரு பெண் என்னைக் கண்டதும் குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

கெஷா தேநீர் போட்டான். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து.

"அவங்ககிட்ட சொன்னேன்" என்றான். "ரெண்டு தடவை. ஆறுதான் செஞ்சது, எங்கக்கா இல்லாட்டி நீங்க யாரும் இல்லைன்னு. 'நீ நட்சத்திரக்காரியோட தம்பிதானே'ன்னு சொல்லிட்டாங்க."

"இனிமே சொல்லாதே."

"சொல்லலை. புரிஞ்சுபோச்சு." சர்க்கரைக் கட்டியைக் கடித்தான். "ஆறு செஞ்சதுன்னா அவங்க எங்க திரும்பிப் போறது? நீ செஞ்சேன்னா ஆறு நல்லதாவே இருக்கும். என்னைக்காவது போகலாம்."

அவன் என்னோடு இவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகிறது. ஜாம் டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

ராணுவம் கட்டிய சுவர்கள், காகிதம் மாதிரி. தலைக்கு மேலே பிள்ளைகள் கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டில் கிழவர் ஒருவர் இருமினார், யாரோ அவரை மருந்து குடிக்கச் சொல்லித் திட்டினார்கள். கீழே தைசியா யாரிடமோ உரக்கச் சொன்னது தெளிவாகக் கேட்டது: "வந்திருக்கா பாரு, எந்த முகத்தோட வந்திருக்கான்னு கேளு." பிறகு ஒரு வாணலி, ஒரு குழாய், ஒரு சிரிப்பு.

"கதவைச் சாத்தட்டுமா?" என்றான் கெஷா.

வேண்டாம் என்றேன். கடைசிப் பேருந்து நேரம் வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.